பூங்காவைச் சுத்திப் பார்க்க யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சார், ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் வாசல்ல ஒருத்தர் "கைடு, 800 ரூபா"ன்னார். உள்ள அரை மணி நேரம், எந்தப் படத்துக்கு எங்க ஷூட்டிங்னு மட்டும் காட்டினார். அப்புறம் நேரா ஒரு கடைக்கு கூட்டிட்டுப் போய்ட்டார், தைலம் சாக்லேட்னு 2,300 ரூபா ஆச்சு. பணம் திரும்பக் கிடைக்குமா? (ஈரோடு)

பதில்: உங்க மேல தப்பே இல்லங்க, வயித்தெரிச்சலா இருக்கு. அந்தத் தோட்டம் 1848 வாக்குல மெக்ஐவர்னு ஒருத்தர் சதுப்பா கிடந்த மலைச்சரிவைத் திருத்தி உண்டாக்கினது, 55 ஏக்கர். 2 கோடி வருஷம் முன்னாடி கல்லா மாறின அடிமரம் ஒண்ணு கிடக்கு, குரங்கால ஏற முடியாதுன்னு சொல்ற முள்ளு மரம் இருக்கு, கண்ணாடி வீடு, பெரணி வீடு இருக்கு, மேல ஏறினா தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடி மக்களோட குடியிருப்பு. இதுல ஒண்ணைக்கூட காட்டாம ஹீரோ ஆடின புல்தரையைக் காட்டி காசு வாங்கறதை எத்தனை வருஷமா பார்க்கறேன், இன்னும் ஆறல. நாம காசு கொடுக்கறது தெரியாத மரத்தைத் தெரிஞ்சுக்கத்தானே? அதனால கைடை வைக்கறதுக்கு முன்னாடி வாசல்லயே ஒரு மரத்தைக் காட்டி இது என்ன, எந்த ஊருதுன்னு கேளுங்க. பதில் வரலைன்னா விட்ருங்க. எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு, கடைக்கு வர மாட்டோம், இந்த மூணையும் முதல்லயே பேசிடுங்க.

பணத்துக்கு வர்றேன். ரசீது இல்லாததால அந்த 800 கஷ்டம். ஆனா தைல பாட்டிலைப் பாருங்க, தயாரிச்சவர் முகவரி, அளவு, எம்ஆர்பி, மாசம் வருஷம் எல்லாம் இருக்கணும். இல்லைன்னா பில்லோட 1915க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்.

கேள்வி: அண்ணே, ஊட்டி இ-பாஸ் எடுத்துத் தர ஏஜென்ட் 500 ரூபா கேக்கறார், நியாயமா? (மதுரை)

பதில்: இ-பாஸ்ங்கறது வண்டியில ஊட்டிக்குப் போக ஆன்லைன்ல எடுக்கற அனுமதிச் சீட்டு, அது இலவசம். அரசாங்க வெப்சைட்ல நீங்களே போடுங்க. கவர்மென்ட் பஸ்ல போனா அதுவும் வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூர் டூர் பேக்கேஜ்ல "பொட்டானிக் கார்டன்ஸ் நுழைவுக் கட்டணம்"னு தலைக்கு 2,500 ரூபா போட்டிருந்தாங்க. அங்க போனா டிக்கெட் கவுன்டரே இல்ல! (திருச்சி)

பதில்: இருக்காதுங்க. 1859ல ஆரம்பிச்ச தோட்டம், 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு, காலைல 5 மணியிலேர்ந்து ராத்திரி 12 வரைக்கும் யார் வேணா சும்மா நடக்கலாம். உள்ள ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். சனிக்கிழமைல தன்னார்வலர்களே இலவசமா கூட்டிட்டுப் போய் விளக்குவாங்க. உங்களை ஆர்க்கிட் தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போகலைன்னா இது இல்லாத கட்டணத்தை வாங்கினது, விடாதீங்க. எதுக்கு எவ்வளவுன்னு கணக்கை ஈமெயில்ல கேளுங்க, மழுப்பினா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம், நீங்க கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா கோர்ட் ஃபீஸ் கிடையாது.

கேள்வி: தனியா சுத்திப் பார்க்க 600 ரூபாக்கு ஆடியோ கைடு ஆப் வாங்கினேன். தோட்டத்துக்குள்ள சிக்னல் இல்ல, ஒண்ணும் ஓடல. ஏமாத்திட்டாங்க. (சென்னை)

பதில்: நீங்க அனுப்பின ஸ்கிரீன்ஷாட்லயே "முன்கூட்டியே டவுன்லோடு செய்யவும்"னு பெருசா இருக்கு. ரெண்டு நாள் ஹோட்டல் வைஃபைல இருந்திருக்கீங்க. படிக்காம காசு கட்டிட்டு ஏமாத்திட்டாங்கன்னா எப்படிங்க? நிஜமா ஏமாந்தவங்க புகாரும் இதனால எடுபடாம போகுது.

கேள்வி: தோட்டத்து வாசல்ல விக்கற விதை, கிழங்கெல்லாம் வாங்கலாமா? (சேலம்)

பதில்: பேரும் தேதியும் போடாத பாக்கெட் வேண்டாம். நான் ஒரு தடவை மலையிலேர்ந்து 12 டாலியா கிழங்கு ஆசையா வாங்கிட்டு வந்து கீழ நம்ம வெயில்ல நட்டேன், ரெண்டே மாசத்துல அத்தனையும் அழுகிப் போச்சு. வித்தவர் "எங்க வேணா வரும்"னுதான் சொன்னார், இன்னிக்கும் அந்த காலித் தொட்டியைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு.

கேள்வி: அண்ணா, அடுத்த மாசம் பேராதனைப் பூங்காவுக்குப் போறம், அம்மாவும் வாறா. கைட் பிடிக்கிறது அவசியமோ? (யாழ்ப்பாணம்)

பதில்: அவசியமில்லங்க. இலங்கைல கண்டி பக்கத்துல மகாவலி ஆறு வளைஞ்சு ஓடற 147 ஏக்கர் தாவரத் தோட்டம் அது, வாசல்லயே வரைபடம் பார்த்துக்கலாம். பனை வரிசை, ஒரு புல்வெளியையே மூடி நிக்கற ஜாவா அத்தி, உலகத்துலயே பெரிய விதையான இரட்டைத் தேங்காய், பின்னாடி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் 1901ல நட்ட நாகலிங்கம், இதை மட்டும் குறிச்சு வச்சுட்டுப் போங்க. உள்ளூர்க்காரங்களுக்கும் வெளிநாட்டவங்களுக்கும் டிக்கெட் விலை வேற வேற, அதனால அடையாள அட்டை கையோட இருக்கட்டும். அம்மா இருக்கறதால காலைலயே போய்டுங்க, அத்தி மர நிழல்ல கொஞ்ச நேரம் உக்கார வைங்க.