வேற வேலை பார்த்துக்கிட்டே அயர்லாந்தோட பழைய இலக்கியம், புராணம் எல்லாம் சீரியஸா ஆராய்ச்சி பண்ண முடியுமா?

முடியும்ங்க. அந்தத் துறையோட அஸ்திவாரத்துல பாதி அப்படி ஒருத்தர் போட்டதுதான்.

விட்லி ஸ்டோக்ஸ், 1830ல டப்ளின்ல பிறந்தவர், தொழில் வக்கீல். 1862ல நம்ம மெட்ராஸுக்கு வந்து ஹைகோர்ட் தீர்ப்புகளைத் தொகுத்தார், 1865ல இந்து சட்ட நூல்கள்னு ஒரு தொகுப்பு இங்கயே ஹிக்கின்பாதம்ஸ்ல வந்துச்சு, அப்புறம் கல்கத்தா போய் 1877லேர்ந்து 1882 வரைக்கும் வைஸ்ராய் கவுன்சில்ல சட்ட உறுப்பினர். இப்பவும் நிலம் வீடு விக்கிறப்போ அடிபடுதே 1882 சொத்து மாற்றுச் சட்டம், அது அவர் பதவியில இருந்தப்போ நிறைவேறினது.

இதெல்லாம் பகல் வேலை. ஐரிஷ் வேலையை அவர் எங்கயும் நிறுத்தவே இல்ல, அதுதான் எனக்கு அவர்மேல இவ்வளவு மரியாதை. டூரின், வியன்னா, கேம்பிரிட்ஜ்னு சிதறிக் கிடந்த ஏடுகள்ல இருந்த பழைய ஐரிஷ் குறிப்புகளைப் பத்தின புத்தகத்தை 1866ல கல்கத்தாவுலயே அச்சடிச்சார். அந்தக் குறிப்புகள் என்னன்னா, லத்தீன் நூல் படிச்ச ஐரிஷ் துறவிகள் வரிகளுக்கு நடுவுலயும் ஓரத்துலயும் தங்க மொழியில எழுதி வச்ச அர்த்தங்கள், நம்ம அரும்பதவுரை மாதிரி. பழைய ஐரிஷ் இலக்கணம் நமக்குத் தெரியுதுன்னா பெரும்பாலும் அதை வச்சுத்தான். பின்னாடி ஜான் ஸ்ட்ரேகன்ங்கிற இன்னொரு மொழி அறிஞரோட சேர்ந்து அதையெல்லாம் ரெண்டு பெரிய வால்யூமா 1901லயும் 1903லயும் கொண்டுவந்தார்.

மூல ஏடு அயர்லாந்துல, இவர் கல்கத்தாவுல, எப்படிப் படிச்சார்னு கேப்பீங்க. லெய்ன்ஸ்டர் ஏடுன்னு அயர்லாந்துல இருக்கிற பழைய கையெழுத்துத் தொகுப்போட நகல் பதிப்பு 1880ல வந்துச்சு, அதைப் பார்த்தே ட்ராய் நகரம் அழிஞ்ச கதையோட ஐரிஷ் வடிவத்தை அடுத்த வருஷமே கல்கத்தாவுல பதிப்பிச்சுட்டார். இப்போ ஏடுகளோட ஸ்கேனே நெட்ல ஃப்ரீயா கிடைக்குது, அதனால தூரம் ஒரு தடையே இல்ல. மொழிதான் கஷ்டம், வினைச்சொல் வடிவங்களுக்கே வருஷக்கணக்குல உட்காரணும், அதுக்கு மனசு இருந்தா இறங்குங்க.

புராணம்தான் வேணும்னா மாய்டுரா போர்ங்கிற பழைய ஐரிஷ் கதையில ஆரம்பிங்க. லூங்கிற வீரன் தன் தாத்தா பாலரோட கண்ணுல கவண்கல்லால அடிச்சுக் கொல்ற கதை, ஸ்டோக்ஸ் 1891ல மூலத்தோட மொழிபெயர்ப்பும் சேர்த்துப் போட்டார். ஆனா தக்தாங்கிற பெரிய தெய்வம் வர்ற கொச்சையான பகுதிகளை விட்டுட்டார், அது எனக்குப் பிடிக்கல, கதையோட உயிரே அந்த முரட்டுத்தனத்துலதான் இருக்கு. அதனால எலிசபெத் கிரேயோட 1982 பதிப்பையும் பக்கத்துல வச்சுப் படிங்க.