கணினி கேள்வி – பதில்: இரண்டு திரை, இரண்டு வேகம்

இந்த மாதம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. பழைய மானிட்டருக்குப் பக்கத்தில் வேகமான புதிய மானிட்டர் ஒன்றை வைத்தவர்கள், லினக்ஸில் அது சொன்னபடி ஓடவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணத்தில் சிறிய டிடிபி நிலையம் நடத்துகிறேன். மாங்கூழ் டின்களுக்கு லேபிள் வடிவமைப்பதுதான் முக்கிய வேலை. கணினியில் உபுண்டு 22.04 லினக்ஸ், ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு. பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டருடன், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றையும் இணைத்தேன். செட்டிங்ஸில் 144 என்றுதான் காட்டுகிறது. ஆனால் இங்க்ஸ்கேப்பில் லேபிளை இழுத்து நகர்த்தும்போது படம் விட்டுவிட்டு வருகிறது. மவுஸ் அம்பு மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பழைய மானிட்டரைக் கழற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது. கடைக்காரர் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. மவுஸ் அம்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதல் தடயம். மவுஸ் அம்பைப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு தனி அடுக்காக வைத்து, மற்றப் படத்தின் மேல் நேரடியாகப் பதிக்கிறது. ஆகவே அம்பு சீராக ஓடினால் மானிட்டரும் கேபிளும் கார்டும் 144 என்ற வேகத்தில் சரியாகவே உழைக்கின்றன என்று பொருள். பழுது அவற்றுக்கு மேலே, விண்டோக்களை எல்லாம் ஒன்றுசேர்த்து ஒரு முழுப் படமாக வரைந்து தரும் கம்போசிட்டர் என்ற மென்பொருளில் இருக்கிறது. பழைய மானிட்டரைக் கழற்றினால் சரியாகிறது என்பது இரண்டாவது தடயம். கம்போசிட்டர் அந்த மானிட்டரின் வேகத்துக்குத் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

ஒரு நொடியில் மானிட்டர் எத்தனை முறை படத்தை வாங்கிக் காட்டுகிறது என்பது ஒன்று (ஹெர்ட்ஸ் என்பது இந்த எண்ணிக்கைதான்), அந்தப் படம் எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்பது வேறொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கடைக்காரர்கள் கார்டை மாற்றச் சொல்கிறார்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏறக்குறைய 16.67 மில்லி நொடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.94 மில்லி நொடிக்கு ஒருமுறை. கம்போசிட்டர் 60 என்ற கணக்கில் வரைந்து கொடுத்தால், வேகமான மானிட்டரின் 12 முறைகளுக்கு 5 படங்கள்தான் கிடைக்கும். ஐந்தைப் பன்னிரண்டில் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு படம் மூன்று முறை நிற்கும், அடுத்தது இரண்டு முறை, பிறகு மூன்று, இரண்டு, இரண்டு. நீங்கள் லேபிளை ஒரே சீராக இழுத்தாலும் அது ஒரு கணம் தயங்கி ஒரு கணம் தாவுவது போலத் தெரிவதற்கு இந்தச் சமமற்ற பங்கீடுதான் காரணம். பென்னாகரம் பக்கத்துக் கூத்து மேடையில் ஒரே மத்தளக்காரரை வைத்துக்கொண்டு விரைவு நடைக்காரரும் நிதான நடைக்காரரும் ஒரே நேரத்தில் ஆட நினைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் உங்கள் மேசையில் நடக்கிறது.

உங்கள் கணினி எக்ஸார்க் என்ற பழைய காட்சி முறையில் ஓடுகிறது என்று ஊகிக்கிறேன். அந்த முறையின் வேர் 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடத்தில் தொடங்கியது. இன்று புழங்கும் பதினோராம் பதிப்பு, அதாவது எக்ஸ்11, 1987இல் வந்தது. எத்தனை மானிட்டர்களை இணைத்தாலும் அது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அகன்ற பரப்பாகவே பார்க்கிறது. எக்ஸார்க்கில் இரண்டு வேகங்களை வைக்கவே முடியாது என்று பலர் சொல்வது தவறு. ஒவ்வொரு மானிட்டரும் தனக்குரிய வேகத்தில்தான் படத்தை வாங்குகிறது. ஆனால் பரப்பு ஒன்றே என்பதால், அதை வரையும் கம்போசிட்டரும் ஒரே தாளத்தில் வரைகிறது. 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட் முறையில் கம்போசிட்டர் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழல் 2020 செப்டம்பரில் வந்த 3.38 பதிப்பிலும், மற்றொரு டெஸ்க்டாப் சூழலான கேடிஈ பிளாஸ்மா 2021 பிப்ரவரியில் வந்த 5.21 பதிப்பிலும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. உங்கள் உபுண்டு 22.04இல் இருப்பது அவற்றுக்குப் பிந்தைய க்னோம் 42. ஆகவே தேவையானது ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது.

முதலில் ஊகத்தைச் சரிபாருங்கள். செட்டிங்ஸில் அபௌட் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ‘விண்டோயிங் சிஸ்டம்’ என்ற வரி இருக்கும். அதற்கு நேரே எக்ஸ்11 என்று இருந்தால் நான் சொன்னது சரி. பிறகு லாக்அவுட் செய்து, உங்கள் பெயரைச் சொடுக்கி, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே சிறிய பல்சக்கரக் குறி ஒன்று தெரியும். அதில் ‘உபுண்டு’ என்றும் ‘உபுண்டு ஆன் எக்ஸார்க்’ என்றும் இரண்டு தேர்வுகள் இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வாருங்கள். அதன்பின் டிஸ்ப்ளேஸ் பக்கத்தில் ஒவ்வொரு மானிட்டரையும் தனியே சொடுக்கி, ரெஃப்ரெஷ் ரேட் ஒன்றில் 144ஆகவும் மற்றதில் 60ஆகவும் இருப்பதை உறுதிசெய்யுங்கள். மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும்போது சில நொடிகளுக்குள் சம்மதம் தராவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மாற்றிப் பார்த்தேன், மாறவில்லை என்று எழுதும் வாசகர்களில் சிலர் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள்.

ஏஎம்டி கார்டு இருந்தால் உபுண்டு 22.04 தானாகவே வேலேண்டில்தான் திறக்கும். ஆகவே யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் அதை மாற்றியிருக்க வேண்டும். வெளியூரிலிருந்து கணினியை இயக்கிப் பழுது பார்க்கும் மென்பொருள்கள் சில வேலேண்டில் ஒழுங்காக இணையாதபோது, சர்வீஸுக்கு வருபவர் எக்ஸார்க்குக்கு மாற்றிவிட்டுப் போவது வழக்கம். கணினி அந்தத் தேர்வை நினைவில் வைத்துக்கொள்ளும். அத்தகைய மென்பொருளை நீங்கள் தினமும் நம்பியிருந்தால் மாற்றிய பிறகு அதை முதலில் சோதித்துவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக அது இரண்டு முறைகளிலும் வேலை செய்யும்.

இவ்வளவும் ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்குத் தயக்கமின்றிப் பொருந்தும். நிவிடியா வைத்திருப்பவர்களுக்கு நெடுநாள் திரை விட்டுவிட்டு மின்னுவதும் படம் சிதறுவதும் இருந்தன. 2024இல் வந்த 555 வரிசை டிரைவரும் (கார்டை இயக்கும் மென்பொருள்), அதே ஆண்டின் க்னோம் 46.1 அல்லது பிளாஸ்மா 6.1 பதிப்பும் சேர்ந்த பிறகுதான் அந்தத் தொல்லை பெருமளவு அடங்கியது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இருப்பவர்கள் வேலேண்டுக்குத் தாவும் முன் பதிப்பை உயர்த்திக்கொள்வது நல்லது.

கேள்வி: தர்மபுரியில் பொறியியல் படிக்கிறேன். என் மானிட்டரின் பெட்டியில் 144 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் டிஸ்ப்ளேஸ் பக்கத்துப் பட்டியலில் 60க்கு மேல் எதுவுமே இல்லை. வேலேண்ட், எக்ஸார்க் இரண்டிலும் இதே நிலைதான். கார்டில் இருந்த எச்டிஎம்ஐ துளையைப் பழைய மானிட்டருக்குக் கொடுத்துவிட்டதால், புதியதை டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறிய அடாப்டர் வழியாக இணைத்திருக்கிறேன்.

பதில்: இது முந்தைய வாசகரின் சிக்கலுக்கு நேர்மாறானது. அவருக்குப் பட்டியலில் 144 இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாததை எந்தக் கம்போசிட்டராலும் தர முடியாது. தவறு அந்த அடாப்டரில் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மலிவான அடாப்டர்களில் பல, 165 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது நொடிக்கு 16.5 கோடிக்கு மேல், படப்புள்ளிகளைக் கடத்த முடியாத முதல் வகையைச் சேர்ந்தவை. 1920க்கு 1080 என்ற அளவில் 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு 148.5 மெகாஹெர்ட்ஸ் போதும் என்பதால் அது தடையின்றிக் கடந்துவிடுகிறது. 144க்கு 300க்கும் மேல் தேவை என்பதால் டிரைவர் அந்தத் தேர்வைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.

அடாப்டரைத் தூக்கி வைத்துவிட்டு, மானிட்டரின் பின்புறத்தில் டிஸ்ப்ளேபோர்ட் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் வெட்டியது போன்ற செவ்வகம் அது. இருந்தால் இரு முனையும் டிஸ்ப்ளேபோர்ட்டாக உள்ள கேபிள் ஒன்றை வாங்கி நேரடியாக இணைத்துவிடுங்கள். அந்தத் துளை இல்லாவிட்டால் கார்டின் எச்டிஎம்ஐயைப் புதிய மானிட்டருக்கும், அடாப்டரைப் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் மாற்றிக் கொடுங்கள். பழையதற்கு அந்த அடாப்டர் தாராளமாகப் போதும். எச்டிஎம்ஐயிலும் 1.4 பதிப்பின் எல்லை 340 மெகாஹெர்ட்ஸ்தான். அந்த வகைத் துளையுள்ள மானிட்டர்கள் சில 120 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். 2013இல் வந்த 2.0 பதிப்பு 600 வரை போகும்.

மாற்றிய பிறகு டெர்மினலைத் திறந்து எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்ற ஆறு எழுத்துகளையும் சிறிய எழுத்தில் இடைவெளியின்றித் தட்டி என்டர் கொடுங்கள். எக்ஸார்க்கில் இருக்கும்போது செய்தால் ஒவ்வொரு மானிட்டரின் கீழும் அது தரக்கூடிய வேகங்கள் வரிசையாக வரும். இப்போது ஓடும் வேகத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். மானிட்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி வரும் பட்டியலிலும் வேகம் தெரியும். இரண்டும் ஒத்துப்போனால் கேபிள் வரை சரி. இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை கேபிளைக் கார்டில் செருகுவதற்குப் பதிலாக மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு, இரண்டு மாலை நேரங்களை டிரைவரைத் திட்டுவதிலேயே கழித்தேன். மேசைக்கடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: ஓசூரில் தொழிற்சாலைப் பணி. வீட்டில் லினக்ஸ் மின்ட், சினமன் டெஸ்க்டாப். 144, 60 என இரண்டு மானிட்டர்கள். எனக்கும் இழுக்கும்போது தாவுகிறது. மின்டை விட்டுவிட மனமில்லை.

பதில்: விட வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் வந்த மின்ட் 21.3 முதல் சினமனில் வேலேண்ட் செஷன் இருக்கிறது. ஆனால் சோதனை நிலை என்று சொல்லியே அதைக் கொடுத்தார்கள். அன்றாட வேலைக்கு அதை நம்புமாறு நான் சொல்ல மாட்டேன். எக்ஸார்க்கிலேயே இருந்துகொண்டு வேகமான மானிட்டரை 144க்குப் பதில் 120க்கு இறக்கிப் பாருங்கள். 120 என்பது 60இன் சரியான இருமடங்கு. கம்போசிட்டர் 60இல் வரைந்தாலும் ஒவ்வொரு படமும் தவறாமல் இரண்டு முறை நிற்கும்; 120இல் வரைந்தால் பழைய மானிட்டர் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளும். 144இன் முழு மென்மை கிடைத்துவிடாது, ஆனால் அந்தத் தாவல் பெரிதும் குறையும். கண்ணை உறுத்துவது குறைந்த வேகத்தைவிடச் சீரற்ற வேகமே என்பது என் அனுபவம்.

கேள்வி: பாலக்கோடு. இரண்டு மானிட்டர்களையும் இணைத்த நாளிலிருந்து, சும்மா இருக்கும்போதுகூடக் கார்டின் விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏஎம்டி கார்டுதான். கோடை வேறு வருகிறது.

பதில்: கார்டு பழுதாகவில்லை. கிராபிக்ஸ் நினைவகத்தின் வேகத்தை ஏற்றி இறக்கும் வேலையை, மானிட்டர் ஒரு படத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் வரும் மிகச் சிறிய இடைவெளியில்தான் டிரைவர் செய்கிறது. இரண்டு மானிட்டர்களும் வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது இரண்டுக்கும் பொதுவான இடைவெளி கிடைக்காததால், நினைவகத்தை உச்ச வேகத்திலேயே விட்டுவிடுகிறது. வேலை இல்லாதபோதும் கார்டு சூடாகிறது. இரண்டையும் 60இல் வைத்து அரை மணி நேரம் பாருங்கள், விசிறி அடங்கினால் காரணம் இதுதான். விளையாட்டோ வீடியோ வேலையோ இல்லாத பகல் பொழுதில் அப்படியே விட்டுவிட்டு, தேவைப்படும்போது மட்டும் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: அரூர், ஓய்வுபெற்ற ஆசிரியர். பட்டியலில் 60.00 என்றும் 59.94 என்றும் இரண்டு இருக்கின்றன. எதை எடுப்பது? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: மின்சாரத்தோடு இன்றைய மானிட்டருக்குத் தொடர்பு இல்லை, உள்ளே போகும் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாறிவிடுகிறது. 59.94 என்பது 1953இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு மாறியபோது செய்துகொண்ட சமரசம். அறுபதாயிரத்தை ஆயிரத்தொன்றால் வகுத்தால் வருவது. நீங்கள் 60.00ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் படம் அவ்வப்போது அணைந்து எரிந்தால் மட்டும் 59.94ஐ வைத்துப் பாருங்கள்.