மூளையில் ரத்தக்கசிவு வந்து ஒரு வருடம் ஆகியும் எம்ஆர்ஐயில் கறுப்பாகத் தெரிகிறதே, அது ரத்தமா? இரும்பு என்றால் அளக்க முடியுமா?

ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ எடுப்பதுதான் என் வேலை. நோயாளியின் வீட்டார் அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

ரத்தம் இல்லை, இரும்புதான். கசிந்த சிவப்பணுக்கள் உடைந்ததும் ஹீமோகுளோபினில் இருந்த இரும்பு வெளியே வரும். அங்குள்ள செல்கள் அதை விழுங்கி ஹீமோசிடரினாகச் சேர்த்துவைக்கும். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு. 30 மில்லி கசிந்தால் 15 மில்லிகிராம். லேசில் போகாது, வருடக்கணக்கில் கிடக்கும்.

இரும்பு காந்தப்புலத்தைக் குலைப்பதால் எஸ்டபிள்யூஐ (இந்தக் குலைவைத் தெளிவாகக் காட்டும் எம்ஆர்ஐ வகை) படத்தில் சுற்றியுள்ள இடமும் சேர்ந்து கறுத்துவிடும். கறை நிஜ அளவைவிடப் பெரிதாகத்தான் தெரியும். மெஷினின் காந்த வலிமையை டெஸ்லாவில் சொல்வார்கள். போன வருடம் 1.5 டெஸ்லா மெஷின், இந்த வருடம் 3 டெஸ்லா என்றால் அதே கறை வளர்ந்த மாதிரி இருக்கும். இரண்டு ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி கசிந்துவிட்டதோ என்று பதறுகிறவர்கள் உண்டு.

சரி, அளப்பது எப்படி? கியூஎஸ்எம் என்று ஒரு முறை இருக்கிறது. எஸ்டபிள்யூஐ மாதிரியான ஸ்கேன்தான், ஆனால் ஃபேஸ் தகவலை (சிக்னல் அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை) வைத்து ஒவ்வொரு புள்ளியின் காந்த ஏற்புத்திறனையும், அதாவது காந்தப்புலத்தில் அது எவ்வளவு காந்தமாகிறது என்பதையும், கணக்கிடுவார்கள். எஸ்டபிள்யூஐயில் இரும்பும் கால்சியமும் ஒரே கறுப்பு; இதில் வழக்கமாக இரும்பு வெள்ளையாகவும் கால்சியம் கறுப்பாகவும் வரும். எனக்கு இதில் பிடித்ததே இந்தப் பிரிப்புதான். எண் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அலகில் கிடைக்கும். நேரடியாக மில்லிகிராம் வராது. கசிவு பெரிதாக இருந்தால் நடுவில் சிக்னலே செத்துப்போகும், அங்கே வரும் எண்ணை நான் நம்பமாட்டேன். கேவர்னோமா (பலவீனமான ரத்தக்குழாய்களின் கொத்து) போன்றவற்றில் வரும் சின்னக் கசிவுகளைத் தொடர்ந்து கவனிக்கத்தான் இது நன்றாக உதவுகிறது.

இந்த இரும்பு நரம்பு செல்களுக்குக் கெடுதல் என்பதால் அதை வெளியேற்ற முடியுமா என்றும் பார்த்தார்கள். தலசீமியாக்காரர்களுக்குப் போடும் டெஃபராக்சமைனை வைத்து நடந்த ஐ-டெஃப் ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. 90 நாளில் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. அதனால் இன்றைக்கு இந்த எண்ணைப் பார்த்து யாரும் மருந்து எழுதுவதில்லை.

அப்புறம், ரிப்போர்ட்டில் ஹீமோசிடரின் என்று இருப்பதைப் பார்த்து முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டாம். அது கசிந்த ரத்தத்தில் இருந்து வந்த இரும்பு, சாப்பாட்டில் இருந்து வந்ததல்ல.

அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள். ஃபேஸ் படங்களையும் சிடியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் அவற்றைச் சேமிப்பதில்லை, கேட்டால் எடுத்து வைப்பார்கள்.