60,000 ரூபாவுக்குள் எந்தக் கைத்தொலைபேசியை வாங்கலாம்?

உயர்தரம் படிக்கும் தங்கைக்கு ஒரு போன் வாங்க 60,000 ரூபா வைத்திருப்பதாகவும், கடைக்காரர் 108 மெகாபிக்சல் கமரா உள்ள ஒன்றைக் காட்டியதாகவும், அதை வாங்கலாமா என்றும் கிண்ணியாவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். போன் விற்பவன் அல்லன். ஆனால் இந்த விடயத்தில் ஒருமுறை நன்றாக ஏமாந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

2021இல், விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, 2 ஜிபி ராமும் (செயலிகள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) 32 ஜிபி சேமிப்பும் உள்ள போன் ஒன்றை நகரில் உள்ள ஒரு கடையில் வாங்கினேன். அந்த 32 ஜிபியில் பெரும் பங்கை ஆண்ட்ராய்டும் போனுடன் வந்த செயலிகளும் எடுத்துக்கொள்ள, எஞ்சியதை வாட்ஸ்அப் குழுக்களில் வந்த படங்களும் காணொளிகளும் ஓர் ஆண்டுக்குள் நிரப்பிவிட்டன. மெமரி கார்ட் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள். படங்கள் கார்டுக்குப் போயின, செயலிகள் போகவில்லை. இரண்டாம் ஆண்டு முடியும் முன்னரே வேறு போன் வாங்க வேண்டி வந்தது. இரண்டுக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தபோது, முதல் நாளில் விலை கூடுதல் என்று நான் திருப்பிக் கொடுத்த போனின் விலையை அது தாண்டியிருந்தது.

ஆகவே, போனின் விலையைப் பார்க்காமல், அது உழைக்கப்போகும் ஆண்டுகளால் அந்த விலையை வகுத்துப் பாருங்கள். 60,000 ரூபாவுக்கு வாங்கிய போன் இரண்டு ஆண்டுகளில் பயனற்றுப் போனால் ஆண்டுக்கு 30,000 ரூபா செலவு. 70,000 ரூபா போன் ஐந்து ஆண்டுகள் ஓடினால் ஆண்டுக்கு 14,000 ரூபாதான். இந்த ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மென்பொருளில் உள்ள ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு மேம்படுத்தல்களை நிறுவனம் எத்தனை ஆண்டுகளுக்கு அனுப்பும் என்பதே. மலிவான போன்களில் இது பெரிதும் வேறுபடும். சாம்சங் 2024இல் வெளியிட்ட கேலக்ஸி ஏ16 போனுக்கு ஆறு ஆண்டு மேம்படுத்தல் உண்டு. அதே விலையில் இரண்டு, மூன்று ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்ளும் போன்களும் இருக்கின்றன. ஆனால் இந்தக் கணக்கு அந்த மாதிரி சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறதே தவிர, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. கழிவு விலையில் கிடைக்கும் பழைய மாதிரியின் வயதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது சேமிப்பகம். தங்கைக்கு 128 ஜிபியும் 6 ஜிபி ராமும் ஆகக் குறைந்த அளவாக இருக்கட்டும். பெட்டியில் '8+8' என்று எழுதியிருந்தால் உண்மையான ராம் முதல் எட்டு மட்டுமே. மற்றைய எட்டு, சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்துவது, வேகத்தில் அதற்கு நிகராகாது. சேமிப்பகம் வேகம் குறைந்த ஈஎம்எம்சி வகையா, வேகம் கூடிய யூஎஃப்எஸ் வகையா என்பதையும் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஈஎம்எம்சி 5.1 ஒரு நொடிக்கு ஏறத்தாழ 300 எம்பி வாசிக்கும், யூஎஃப்எஸ் 2.2 அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஒரு வருடம் கழித்து போன் திணறுவதற்கும் திணறாமல் இருப்பதற்கும் பல வேளைகளில் இந்த வேறுபாடே காரணம், ஆனால் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

108 மெகாபிக்சல் விடயத்தில் மயங்க வேண்டாம். அத்தகைய கமரா வழமையாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. பின்னால் சேர்த்திருக்கும் 2 மெகாபிக்சல் கமராக்கள் எண்ணிக்கைக்கு மட்டும். பாடக் குறிப்பைப் படம் பிடிக்க எந்தக் கமராவும் போதும். பற்றரியும் இப்போது பெரிய கவலையில்லை. இந்த விலையில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அதன் கொள்ளளவு 5000 எம்ஏஎச் அல்லது அதற்கு மேல்தான்.

நம் ஊருக்கென்று இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று வெயில்: கடையின் குளிரூட்டிய அறையில் பளிச்சென்று தெரியும் திரை, நிலாவெளி மணலில் மதிய வேளையில் கறுப்புக் கண்ணாடியாகிவிடும். ஆகவே போனை வாசலுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டிப் பாருங்கள். மற்றது உப்பு: தூசும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐபி68 என்ற தரமும் நன்னீரில் சோதித்துத் தரப்படுவதுதான், கடல்நீருக்கு அது பொருந்தாது, ஐபி54 என்றால் தெறிக்கும் நீருக்கு மட்டும்.

விலை மற்றக் கடைகளைவிட மிகக் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள். 2024 ஜனவரி 1இல் பெறுமதிசேர் வரி 18 சதவீதமானதோடு போன்களுக்கும் அந்த வரி வந்தது; அதன் பின், முறையாக இறக்குமதியாகாத போனுக்கும் முறையானதற்கும் இடையே விலை வித்தியாசம் கண்ணில் படும்படி ஆனது. *#06# என்று அழுத்தினால், ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள 15 இலக்க ஐஎம்ஈஐ (IMEI) எண் திரையில் வரும். ஆங்கிலத்தில் IMEI என்று எழுதி, இடைவெளி விட்டு எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். பணம் கொடுக்கும் முன் கடையில் நின்றே அனுப்புங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். பாவித்த போன் வாங்கினாலும் இதுவே முதல் வேலை.

வாரண்டி கம்பனியுடையதா, கடையுடையதா என்று எழுத்தில் கேளுங்கள். கடை வாரண்டி என்றால் அந்தக் கடை இருக்கும்வரைதான். கூடவே, வாங்க நினைக்கும் மாதிரியின் பெயரைச் சொல்லி, நகரில் போன் திருத்தும் ஒருவரிடம் டிஸ்பிளே என்ன விலை, இங்கேயே கிடைக்குமா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா என்று விசாரியுங்கள். அதிகம் விற்கும் மாதிரிக்கு உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும், அரிதான மாதிரிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

உங்கள் 60,000 ரூபாவில் 55,000 ரூபாவைப் போனுக்கு வைத்து, மிச்சத்தைக் கவருக்கும் திரைமேல் ஒட்டும் கண்ணாடிக்கும் ஒதுக்குங்கள். இப்போது பல பெட்டிகளில் சார்ஜர் வருவதில்லை என்பதால் அதற்கும் கொஞ்சம் வேண்டும். கடைக்காரர் காட்டிய போனின் மாதிரிப் பெயரை எழுதினால், அதற்கு எத்தனை ஆண்டு மேம்படுத்தல் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.