லூக்ட்ரா: அம்புக்குறி போடும் முன் அகலத்தைக் கணக்கிடுங்கள்

கேள்வி: பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கி.மு. 371-ல் லூக்ட்ராவில் தீப்ஸிடம் ஸ்பார்ட்டா தோற்றது பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேசி, ஒரு சார்ட்டும் வரைந்து கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் வாங்கிய நோட்ஸில், 'எபமினோண்டாஸ் சாய்வு அணியைக் கண்டுபிடித்தார். ஸ்பார்ட்டா ஒரே நாளில் வீழ்ந்தது' என்று இரண்டே வரி இருக்கிறது. படைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு நோட்ஸிலும் ஒவ்வொரு மாதிரி. எதை எழுதுவது? படத்தை எப்படி வரைவது?

பதில்: அந்த இரண்டு வரியில் 'கண்டுபிடித்தார்' என்பதும் தப்பு, 'ஒரே நாளில் வீழ்ந்தது' என்பதும் தப்பு. நோட்ஸை மூடி வைத்துவிட்டு ஒரு கிராஃப் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் போர் புரிவதற்குத் தேதிகளைவிட அகலமும் ஆழமும்தான் முக்கியம். அவற்றை அளவோடு வரைந்துவிட்டால் பேச்சின் பாதி தானாக வந்துவிடும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கடைகளில் விற்கிற ரெடிமேட் சார்ட்டில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு படைகளின் 'இடது பக்கமும்' தாளின் இடப்புறத்திலேயே இருக்கும். எதிரெதிரே நிற்பவர்களில் ஒருவருடைய இடது, மற்றவருக்கு வலது. தீப்ஸ் படையைத் தாளின் அடியில் மேல்நோக்கி நிறுத்துங்கள். அதன் இடது, தாளின் இடப்புறம். மேலே கீழ்நோக்கி நிற்கும் ஸ்பார்ட்டாவின் வலதும் அதே தாளின் இடப்புறம்தான். தீப்ஸின் பலமான பகுதியும் ஸ்பார்ட்டாவின் மன்னர் நின்ற பகுதியும் இப்படி நேருக்கு நேர் வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்தச் சார்ட்டில் லூக்ட்ராவே இல்லை.

அடுத்து அளவு. 1 செ.மீ. = 10 மீட்டர். கேடயம் ஏந்திய ஹோப்லைட் ஒருவருக்கு முன்வரிசையில் சுமார் ஒரு மீட்டர் இடம். கேடயத்தின் விட்டமே கிட்டத்தட்ட 90 செ.மீ. ஸ்பார்ட்டாவின் கணக்கை அந்தக் காலத்து கிரேக்க எழுத்தாளர் செனபோன் கொடுத்த விவரத்திலிருந்தே போட்டுவிடலாம். அவர்களின் மிகச் சிறிய பிரிவு எனோமோட்டியா. ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் பின் ஒருவராக நிற்பதை ஒரு வரிசை என்று வைத்தால், அன்று ஒரு பிரிவு மூன்று வரிசையாக நின்றது, ஆழம் 12 பேருக்கு மேல் இல்லை. 3 × 12 = 36 பேர். மோரா என்பது பெரிய படைப்பிரிவு. ஒரு மோராவுக்கு 16 எனோமோட்டியா, ஆக 576 பேர். லூக்ட்ராவுக்கு வந்தவை நான்கு மோரா. எல்லாப் பிரிவும் நிறைந்திருந்தால் 2,304 பேர், 192 வரிசை. கிராஃபில் 19 செ.மீ. அகலம், 1.2 செ.மீ. ஆழம் உள்ள ஒரு நீளப் பட்டை. கூட்டாளிகளை அதற்கு வலப்புறம், அதாவது ஸ்பார்ட்டாவின் இடது பக்கத்தில், வேறு நிறத்தில் நீட்டுங்கள்.

தீப்ஸ் படையின் ஆழம் 50 பேருக்குக் குறையவில்லை என்கிறார் செனபோன். தலைக்கணக்கை அவர் சொல்லவில்லை. போயோட்டியர்கள் (தீப்ஸும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த பகுதியின் மக்கள்) மொத்தம் 6,000-க்கு மேல் இல்லை என்று பிற்கால வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். அதில் தீப்ஸ்காரர்கள் 4,000 என்று வைத்துக்கொள்வது வழக்கமான மதிப்பீடு. 4,000-ஐ 50-ஆல் வகுத்தால் 80 வரிசை. கிராஃபில் 8 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம்.

இப்போது படத்தைப் பாருங்கள். 19-க்கு எதிரே 8. முகப்பில் தீப்ஸ் படை பாதிக்கும் குறைவு. நோட்ஸ்காரர்கள் ஐம்பது ஆழத்தைப் பெரிய பலமாக மட்டும் காட்டுவார்கள். அதன் ஆபத்தை யாரும் எழுதுவதில்லை. இவ்வளவு ஒடுங்கிய அணியின் பக்கவாட்டை எதிரி வளைத்துவிட்டால் கதை முடிந்தது. ஸ்பார்ட்டா அதில் கைதேர்ந்தது. கி.மு. 394-ல் நெமியாவில் தன் வலது அணியை நீட்டி, எதிரியின் இடது ஓரத்தைச் சுற்றி வந்துதான் ஜெயித்தது. லூக்ட்ராவிலும் மன்னர் கிளியோம்ப்ரோட்டஸ் அதே வேலையைத்தான் தொடங்கினார். ஆகவே உங்கள் பேச்சின் மையக் கேள்வி 'தீப்ஸ் ஏன் தடிமனாக நின்றது?' என்பது இல்லை. 'அந்தத் தடிமனை ஸ்பார்ட்டாவால் ஏன் வளைக்க முடியவில்லை?' என்பதுதான்.

இதற்குப் பதில் மூன்று. நடந்த வரிசையிலேயே சொல்லுங்கள்.

ஒன்று, குதிரைப்படை. இரு அணிகளுக்கும் நடுவே சமவெளி இருந்ததால் ஸ்பார்ட்டா தன் குதிரைகளை முன்னால் நிறுத்தியது, தீப்ஸும் நிறுத்தியது. ஸ்பார்ட்டாவின் குதிரைப்படை அந்தக் காலத்தில் படுமோசம். பணக்காரர்கள் குதிரை வளர்ப்பார்கள். படை திரட்டும்போது அதில் ஏறவேண்டியவர் அப்போதுதான் வந்து குதிரையையும், கையில் கொடுத்த ஆயுதத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்புவார். அதுவும் உடலில் வலுவற்றவர்கள், பெயர் எடுக்கும் ஆசை இல்லாதவர்கள். தீப்ஸின் குதிரை வீரர்களோ ஓர்கோமெனோஸ், தெஸ்பியாய் ஆகிய ஊர்களோடு நடந்த சண்டைகளில் பழகியவர்கள். மோதல் சீக்கிரம் முடிந்தது. தோற்று ஓடிய ஸ்பார்ட்டக் குதிரைகள் பின்னால் நின்ற சொந்தக் காலாட்படைக்குள்ளேயே புகுந்தன. சார்ட்டில் இதற்கு ஒரு சிவப்பு அம்பு போடுங்கள். அது ஸ்பார்ட்டாவின் பட்டைக்குள்ளேயே முடிய வேண்டும்.

இரண்டு, நேரம். மன்னர் முன்னேறத் தொடங்கியது அவருடைய படையில் பலருக்கே தெரியவில்லை. அந்தக் குழப்பத்தோடு வலதுபுறம் அணியை நீட்டி வளைக்கவும் பார்த்தார். பன்னிரண்டு ஆழமாக நிற்கும் அணி பக்கவாட்டில் நகர்ந்தால், நகர்ந்து முடித்து மறுபடி முகம் திருப்பும்வரை கேடயங்கள் சேராது, இடைவெளி விழும். தீப்ஸின் படைத்தலைவர் பெலோப்பிடாஸ் தன் 300 பேர் கொண்ட புனிதப் படையோடு ஓடிவந்து இடித்தது சரியாக அந்தச் சமயத்தில் என்கிறார் பிற்கால வாழ்க்கை வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க். இந்த 300 பேர் ஊர்ச் செலவில் வருடம் முழுக்கப் பயிற்சி எடுத்தவர்கள். கி.மு. 375-ல் தெகிராவில் தங்களைவிட எண்ணிக்கையில் பெரிய ஸ்பார்ட்டப் படையை ஏற்கனவே தோற்கடித்தவர்கள். ஓடியும் அணி கலையாமல் வர இப்படிப்பட்டவர்களால்தான் முடியும்.

மூன்று, இடம். கிரேக்கப் படைகளில் வலது பக்கம்தான் கௌரவமான இடம். சிறந்தவர்கள் அங்கே நிற்பார்கள். எனவே வழக்கமான போரில் இருதரப்பிலும் வலது ஜெயிக்கும், இடது தோற்கும், பிறகு ஜெயித்த இரண்டும் மோதும். போதாததற்கு, ஒவ்வொருவரும் தன் திறந்த வலப்பக்கத்தை அடுத்தவர் கேடயத்துக்குள் ஒளிக்கப் பார்ப்பதால் முழு அணியும் மெல்ல வலதுக்கு நகர்ந்துகொண்டே போகும். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை விளக்கியிருக்கிறார். தீப்ஸின் தளபதி எபமினோண்டாஸ் தன் சிறந்தவர்களை இடது பக்கத்தில், மன்னருக்கு நேரே வைத்தார். மற்ற போயோட்டியர்களை மோதவிடாமல் பின்தங்க வைத்தார். 'சாய்வு' என்று நோட்ஸ் சொல்வது இதைத்தான். தீப்ஸின் 8 செ.மீ. கட்டையை முன்னால் வரைந்து, வலப்புறம் போகப் போக மற்ற அணிகளைச் சற்றுச் சற்றுப் பின்னால் தள்ளி வரையுங்கள். அதுவே சாய்வு. ஸ்கேல் வைத்து மூலைவிட்டமாகக் கோடு கிழிக்காதீர்கள்.

முதல் இடியிலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. மன்னர் காயப்பட்டு விழுந்தபோது அவரை உயிரோடு தூக்கிச் செல்ல ஸ்பார்ட்டர்களால் முடிந்தது. அவருக்கு முன்னால் நின்றவர்கள் அந்த நேரத்தில் ஜெயித்துக்கொண்டிருக்காவிட்டால் அது நடந்திருக்காது என்று செனபோன் வாதாடுகிறார். நியாயமான வாதம். படைத்தலைவர் தெய்னோன், மன்னரோடு உணவருந்தும் வட்டத்தைச் சேர்ந்த ஸ்போட்ரியாஸ், அவர் மகன் கிளியோனிமோஸ் எல்லாரும் செத்த பிறகுதான் வலது பக்கம் பின்வாங்கியது. வலது போனதைப் பார்த்ததும் இடதில் நின்றவர்களும் நழுவினார்கள். கூட்டாளிகளில் சிலருக்கு இந்தத் தோல்வியில் வருத்தம்கூட இல்லை. முகாமுக்கு முன்னிருந்த பள்ளத்தைத் தாண்டி நின்று, பிணங்களைக் கேட்டுத் தூது அனுப்பியது ஸ்பார்ட்டா. கிரேக்க வழக்கில் அது தோல்வியை ஒப்புக்கொள்வது.

இனி அந்தக் 'கண்டுபிடித்தார்' விஷயம். ஆழமான அணி தீப்ஸுக்குப் புதிதில்லை. கி.மு. 424-ல் தேலியோனிலேயே அவர்கள் 25 ஆழமாக நின்று ஏதென்ஸை வென்றிருக்கிறார்கள். நெமியாவில் 16 ஆழம் என்று கூட்டாளிகளோடு பேசி வைத்திருந்ததை மீறி, மேலும் ஆழமாக நின்றார்கள். இந்தப் போக்கின் உச்சம்தான் 50.

இங்கே ஒரு சிக்கலைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வி கேட்பவர்கள் இங்கேதான் பிடிப்பார்கள். போர் நடந்த காலத்திலேயே வாழ்ந்து அதை விவரித்த செனபோன், லூக்ட்ரா பகுதியில் எபமினோண்டாஸின் பெயரையே எழுதவில்லை. பெலோப்பிடாஸின் பெயரும் இல்லை. சாய்வும் இல்லை, ஓடிவந்த 300 பேரும் இல்லை. 'மன்னரைச் சுற்றி நிற்பவர்களை அடித்தால் மற்றவர்களை அடிப்பது சுலபம் என்று தீப்ஸ்காரர்கள் கணக்கிட்டார்கள்' என்பதோடு சரி. அப்படியானால் எபமினோண்டாஸின் பங்கு கட்டுக்கதையா? இல்லை. செனபோன் ஸ்பார்ட்ட மன்னர் அஜெசிலாஸின் நண்பர். ஸ்பார்ட்டா கொடுத்த நிலத்தில் ஸ்கில்லூஸில் குடியிருந்தவர். லூக்ட்ராவுக்குப் பின் அந்த வீட்டை இழந்தவர். கி.மு. 362-ல் மாண்டினியாப் போரில் தீப்ஸுக்கு எதிர்த்தரப்பில் நின்ற அவர் மகன் கிரில்லோஸ் இறந்தார். தீப்ஸின் தளபதியைப் புகழ அவருக்கு மனம் வராததில் வியப்பில்லை. மறுபக்கம், புளூட்டார்க் போயோட்டியாவின் கைரோனியாக்காரர். நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தன் மண்ணின் நாயகனைப் பற்றி எழுதியவர். ஆகவே ஆழம், குதிரைப்படை, இறந்தவர் எண்ணிக்கை ஆகியவற்றுக்குச் செனபோன். சாய்வுக்கும் பெலோப்பிடாஸுக்கும் டியோடோரஸும் புளூட்டார்க்கும். யார் சொன்னது என்று சேர்த்தே பேசினால் போதும், யாரும் மடக்க முடியாது.

எண்ணிக்கையிலும் அதுதான் வழி. ஸ்பார்ட்டத் தரப்பில் 10,000 ஹோப்லைட், 1,000 குதிரை என்பது புளூட்டார்க் தந்த எண். இதைத்தான் நோட்ஸ்காரர்கள் கூட்டி '11,000 ஸ்பார்ட்டர்கள்' என்று அச்சடிக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் கூட்டாளிகள். முழுக் குடியுரிமை பெற்ற ஸ்பார்ட்டர்கள் களத்தில் சுமார் 700 பேர்தான். 'அசைன்மென்ட் செய்து தரப்படும்' என்று கல்லூரி வாசலில் போர்டு வைத்திருப்பவர்களிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பாருங்கள்; முழிப்பார்கள். பைண்டிங்குக்கும் கலர் அட்டைக்கும் சேர்த்துப் பணம் வாங்குவதில்தான் அவர்களுக்கு அக்கறை. ஆசிரியர்களான நாங்களும் அதற்கு 'குட்' போட்டுக் கையெழுத்திடுகிறோம், பிறகு மாணவர்களைக் குறை சொல்கிறோம்.

இந்த 700-தான் 'ஒரே நாளில் வீழ்ந்தது' என்பதற்கும் பதில். அதில் சுமார் 400 பேர் அன்று இறந்தார்கள். குடிமக்களையும் ஸ்பார்ட்டாவின் ஆட்சிக்குட்பட்ட மற்றவர்களையும் சேர்த்துக் குறிக்கும் லாகெடைமோனியர் மொத்தம் ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள். கி.மு. 480 வாக்கில் ஸ்பார்ட்டாவில் 8,000 ஆண்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த நாட்டில் 1,500 குதிரையும் 30,000 ஹோப்லைட்டும் வைத்துக் காப்பாற்றலாம், ஆனால் குடிமக்கள் ஆயிரம்கூட இல்லை, ஒரே ஓர் அடியைத் தாங்க முடியாமல் ஆள் பற்றாக்குறையால் அழிந்தது என்கிறார் அரிஸ்டாட்டில். காரணம் வரவுசெலவு. பொது உணவுக் குழுவுக்கு மாதாமாதம் பங்கு கட்ட முடியாதவர் முழுக் குடியுரிமையை இழந்தார். நிலமோ சிலர் கையில் சேர்ந்துகொண்டே போனது. போர்க்களத்தில் இறந்தவரின் இடத்துக்கு ஆள் வரவேண்டிய வழியே அடைபட்டிருந்தது. தோற்று உயிரோடு திரும்பியவர்களுக்குச் சட்டப்படி அவமானத் தண்டனை உண்டு. ஆனால் அத்தனை பேரையும் தண்டித்தால் படையே மிஞ்சாது. 'இன்று ஒருநாள் சட்டங்கள் தூங்கட்டும்' என்று அஜெசிலாஸ் சொன்னது அதனால்தான்.

கி.மு. 370–369 குளிர்காலத்தில் எபமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவின் சொந்த மண்ணான லகோனியாவுக்குள்ளேயே படை நடத்தினார். பனிநீரால் பெருகி ஓடிய யூரோட்டாஸ் ஆற்றுக்கு அப்பால் இருந்த நகரத்தை அவர் பிடிக்கவில்லை. அதைவிடப் பெரிய அடியாக, ஸ்பார்ட்டா பிடித்து வைத்திருந்த மெஸ்ஸீனியாப் பகுதியை விடுவித்து மெஸ்ஸீனி நகரை எழுப்பினார். அங்கே உழுதுகொண்டிருந்த ஹெலட்டுகள் எனும் பண்ணையடிமைகளின் விளைச்சலில்தான் ஸ்பார்ட்டக் குடிமக்களின் உணவுப் பங்கு நின்றது. நிலம் போனதும் பங்கு போனது, பங்கு போனதும் குடிமகனும் போனான்.

வினாத்தாளில் இது 'குறிப்பு வரைக' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும். போரில் தோற்ற காரணமும் மீண்டு எழாத காரணமும் ஒரே பதிலில் கேட்கப்படும். கேட்பவர்கள் இரண்டையும் பிரிப்பதில்லை என்பதற்காக நீங்களும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் கிராஃபுக்கு, மூன்று நிமிடம் 700, 400, மெஸ்ஸீனியாவுக்கு. மீதி ஒரு நிமிடம் செனபோனின் மௌனத்துக்கு. சார்ட்டின் கீழ் மூலையில் '1 செ.மீ. = 10 மீ.' என்றும், தீப்ஸின் 4,000 பேர் ஒரு மதிப்பீடு என்றும் பென்சிலால் எழுதிவிடுங்கள்.