கேட்டுக்கொண்டிருக்கும் முகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ‘எ பாசேஜ் டு இந்தியா’ படம் பார்த்தோம். எங்கள் ஊர் மலை ரயில் வருகிறது என்பதற்காகத்தான் பார்த்தோம். நான் குன்னூர்க்காரி. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ‘வெள்ளைக்காரன் படம் எடுத்த கதை’யை அவர் சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள்.

படத்தில் திருமதி மூராக வரும் பாட்டிக்கு ஆஸ்கார் கிடைத்தது என்று பிறகு படித்தேன். எனக்குப் புரியவில்லை. அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லையே? சும்மா உட்கார்ந்திருக்கிறார், பார்க்கிறார், நடுவிலேயே போய்விடுகிறார். வேறு எந்தப் படத்திலும் அவரைப் பார்த்த ஞாபகம் இல்லை. வயதான பிறகு நடிக்க வந்தவரா? வயதுக்கு மரியாதை செய்து கொடுத்த பரிசா?

ஒரு வாசகி, குன்னூர்
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பா சொன்னது உண்மைதான். மராபார் குகைகளுக்குப் போகும் ரயிலாகப் படத்தில் வருவது நீலகிரி மலை ரயில். டாக்டர் அஸீஸாக நடித்த விக்டர் பானர்ஜி ஓடும் பெட்டியின் வெளியே தொங்கிக்கொண்டு வித்தை காட்டுவாரே, அது உங்கள் தண்டவாளத்தில்தான். ரயிலை விட்டு இறங்கிப் பார்க்கும் பாறைகள் மட்டும் பெங்களூருக்குப் பக்கத்தில், சாவனதுர்காவிலும் ராமநகரத்திலும் உள்ளவை. படத்துக்கு மூலமான ஈ. எம். ஃபார்ஸ்டரின் நாவலில் அந்தக் குகைகள் இருப்பது பீகார்ப் பக்கம். சினிமாவுக்கு அந்தத் தூரமெல்லாம் ஒரு பொருட்டில்லை.

ஆனால் பாட்டி விஷயத்தில் உங்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்கிறீர்கள். அப்படி உட்காரக் கற்றுக்கொள்ள அவருக்கு 58 வருடம் ஆயிற்று என்பேன்.

அவர் பெயர் பெகி ஆஷ்கிராஃப்ட். லண்டனுக்குத் தெற்கே குராய்டனில் 1907 டிசம்பரில் பிறந்தவர். அப்பா முதல் உலகப்போரில் இறந்துபோனார். நாடகப் பள்ளியில் கூடப் படித்தவர் லாரன்ஸ் ஒலிவியே. 1926ல் பர்மிங்ஹாமில் முதல் மேடை, அதில் கூட நடித்தவர் ரால்ஃப் ரிச்சர்ட்சன். அந்தத் தலைமுறையின் பெரிய ஆண் நடிகர்களை உலகம் முழுக்கத் தெரியும். அவர்களுக்குச் சமமாக, சில வேடங்களில் அவர்களுக்கு மேலாக நின்ற இந்த அம்மாளைத் தெரியாது. காரணம் எளிது. அவர் சினிமாவைத் தேடிப் போகவில்லை. மேடையில் நடித்தது மேடையோடு போய்விட்டது.

1930க்குப் போவோம். லண்டன் சவாய் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’. ஒத்தெல்லோவாக அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பால் ராப்சன். அவன் மனைவி டெஸ்டிமோனாவாக 22 வயது ஆஷ்கிராஃப்ட். அந்தப் பெண் ஒத்தெல்லோவிடம் எப்படி மனதைப் பறிகொடுத்தாள் என்று நினைத்துப் பாருங்கள். அழகைப் பார்த்து அல்ல, வீரத்தை நேரில் கண்டும் அல்ல. அவன் தன் கதையைச் சொல்ல, இவள் கேட்டாள். கேட்டதனாலேயே காதலித்தாள். ஆஷ்கிராஃப்ட்டின் நடிப்பு முழுவதற்கும் இந்த இடத்தைத்தான் நான் வாசலாக வைப்பேன். கேட்பது என்ற ஒரு செயலை அவர் அளவுக்கு நடித்துக் காட்டியவர்கள் குறைவு.

அந்த நாடகத்தால் அவருக்கு வெறுப்புக் கடிதங்கள் வந்தன. கறுப்பினத்தவர் ஒருவரோடு மேடையில் நெருங்கி நடித்தாள் என்பதுதான் குற்றம். ராப்சன் சவாய் தியேட்டரில் நாயகன், ஆனால் அதை ஒட்டியிருந்த சவாய் ஹோட்டலில் அவருக்கு இடமில்லை. இது அந்த இளம்பெண்ணைக் கொதிக்க வைத்தது. அரசியல் என்று ஒன்று இருப்பதை அவர் உணர்ந்தது அங்கேதான். படத்தில் நிலா வெளிச்சத்தில் மசூதிக்குள் வரும் திருமதி மூரை அஸீஸ் அதட்டுகிறான் அல்லவா, செருப்போடு வரக்கூடாது என்று? அவர் ஏற்கெனவே கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமும் இல்லை, ‘பார், நான் எவ்வளவு நல்லவள்’ என்ற தோரணையும் இல்லை. எந்த இயக்குநரும் சொல்லிக்கொடுத்து அந்தக் குரல் வந்துவிடாது என்று எனக்குத் தோன்றும். 1930ல் வந்த அந்தக் கடிதங்களைப் படித்த பெண்தான் அங்கே நிற்கிறாள்.

சரி, இளம் வயதில் எப்படி நடித்தார் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஹிட்ச்காக்கின் ‘தி 39 ஸ்டெப்ஸ்’, 1935. கதாநாயகன் ஹான்னே செய்யாத கொலைக்காகப் போலீசால் தேடப்பட்டு, ஸ்காட்லாந்தின் மலைப்பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டில் இரவு தங்குகிறான். அந்தக் கஞ்சக் கணவனின் இளம் மனைவி ஆஷ்கிராஃப்ட். மொத்தம் சில நிமிடங்கள்தான். கிளாஸ்கோவில் வளர்ந்தவள், கடைத்தெருவையும் விளக்குகளையும் விட்டுவிட்டு இந்தப் பொட்டல் காட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டவள். லண்டனில் பெண்கள் கால் விரலுக்கெல்லாம் சாயம் பூசுகிறார்களாமே, நிஜமா என்று அவனிடம் கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் அவள் வாழ்க்கை மொத்தமும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் சாப்பாட்டு மேஜை. கணவன் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் பார்வை மேஜையில் கிடக்கும் செய்தித்தாளில் விழுகிறது, பிறகு விருந்தாளி முகத்துக்குப் போகிறது, தேடப்படும் ஆள் இவன்தான் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் கணவனின் மேல்கோட்டை அவனுக்குக் கொடுத்துத் தப்ப வைக்கிறாள். அந்தக் கோட்டுப் பையில் இருந்த துதிப்பாடல் புத்தகம்தான் பிறகு குண்டைத் தாங்கி அவன் உயிரைக் காப்பாற்றுகிறது. கோட்டைக் கொடுத்ததற்காக அவள் என்ன வாங்கிக் கட்டிக்கொள்வாள் என்பதும் நமக்குத் தெரியும். நான் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் ஹான்னேயின் துரத்தலை மறந்துவிடுகிறேன், அந்தப் பெண்ணை மறப்பதில்லை.

அதே 1935ல் லண்டன் மேடையில் ‘ரோமியோ ஜூலியட்’. இதில் ஒரு விசேஷம். ஜான் கீல்குட்டும் ஒலிவியேயும் ரோமியோ, அவன் நண்பன் மெர்குஷியோ வேடங்களைப் பாதியில் மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் கவிதையைக் குரலால் மீட்டுபவர். இன்னொருவர் உடம்பும் வேகமுமாக வருபவர். இரண்டு பேருக்கும் ஒரே ஜூலியட், ஆஷ்கிராஃப்ட். 186 காட்சிகள் நடந்தன. ஊர் எந்த ரோமியோ மேல் என்று சண்டை போட்டது. எனக்கென்னவோ அதில் கஷ்டமான வேலை ஜூலியட்டுக்குத்தான் என்று படுகிறது. எதிரே நிற்பவன் மாறும்போது, அதே வரிகளை வேறு விதமாகக் கேட்க வேண்டும், கேட்டதற்கு ஏற்பப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் ஜூலியட் மாறக்கூடாது.

ஒரே ஆட்கள் ஒரே குழுவாக இருந்து நாடகத்துக்கு நாடகம் வேடம் மாற்றி நடிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1937-38ல் கீல்குட் அப்படி ஒரு குழுவைச் சேர்த்து குவீன்ஸ் தியேட்டரில் நான்கு நாடகங்கள் போட்டபோது அதில் இருந்தார். செகாவின் ‘மூன்று சகோதரிகள்’ அங்கேதான் வந்தது, அதில் இவர் இரினா. பின்னாளில் 30 வயதுகூட நிறையாத இயக்குநர் பீட்டர் ஹால், ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவை உருவாக்கியபோது முதலில் போய்க் கேட்டவர்களில் ஆஷ்கிராஃப்ட் ஒருவர். அப்போது அவர் ‘சர்’ பட்டத்துக்கு இணையாகப் பெண்களுக்குக் கொடுக்கும் டேம் பட்டம் பெற்ற பெரிய நடிகை. லண்டனில் தன் பேரை மட்டும் போட்டு ஒரு நாடகத்தை வருடக்கணக்கில் ஓட்டியிருக்கலாம். அவர் குழுவோடு போனார். மூன்று திருமணங்கள், மூன்றும் முறிந்தன. ஆனால் குழு என்ற எண்ணத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

அந்தக் குழுவில் 1963ல் வந்ததுதான் ‘வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்’. ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகங்கள் மூன்றையும் மூன்றாம் ரிச்சர்டையும் சேர்த்து மூன்று நாடகங்களாக ஜான் பார்ட்டனும் ஹாலும் சுருக்கியது. ஆஷ்கிராஃப்ட் அதில் அரசி மார்கரெட். பிரான்சிலிருந்து வரும் சின்னப் பெண்ணாக நுழைந்து, போரில் படை நடத்தும் அரசியாகி, கணவனையும் மகனையும் இழந்து, சாபம் இடும் கிழவியாக முடிகிறாள். அப்போது அவருக்கு 55 வயது. நல்ல வேளையாக பிபிசி அதைப் பதிவு செய்து 1965ல் ஒளிபரப்பியது. சில வருடங்களுக்கு முன் டிவிடியாகவும் வந்தது. எனக்கு அது ஒரு நண்பர் மூலம் கிடைத்தது. கறுப்பு வெள்ளை, மேடைக்கென்றே எழுப்பிய குரல்கள், முதல் அரைமணி நேரம் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அதில் ஒரு காட்சி. அரியணைக்குப் போட்டியிட்டுப் பிடிபட்ட யார்க் கோமகனை நிற்க வைத்து, தலையில் காகிதக் கிரீடம் சூட்டி மார்கரெட் கேலி செய்கிறாள். அவனுடைய சின்ன மகனின் ரத்தத்தில் தோய்த்த துணியை நீட்டி, கண்ணைத் துடைத்துக்கொள் என்கிறாள். இவ்வளவு கொடுமையை எந்த நல்ல நடிகையும் நடித்துவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு யார்க் பேச ஆரம்பிக்கிறான். நீளமான பேச்சு. அவளைச் சபிக்கிறான், பிள்ளைக்காக அழுகிறான். எதிரிக் கூட்டத்திலேயே ஒருவன் கண் கலங்குகிறான். மார்கரெட் அத்தனையையும் நின்று கேட்க வேண்டும். நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்த இடத்தில் பதில் இருக்கிறது. சத்தமாக ஆர்ப்பரித்த ஒருத்தி, வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது என்ன ஆகிறாள் என்று பாருங்கள்.

1975ல் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் ‘ஹாப்பி டேஸ்’ நாடகத்தில் நடித்தார். அந்த நாடகத்தில் வின்னி என்ற பெண் முதல் பாதியில் இடுப்புவரை மண்மேட்டில் புதைந்திருப்பாள். இரண்டாம் பாதியில் கழுத்துவரை. கையை அசைக்க முடியாது, தலையைத் திருப்ப முடியாது. கண், வாய், குரல், அவ்வளவுதான் மிச்சம். 67 வயதில் அதைச் செய்தவரைத்தான் நீங்கள் சில வருடம் கழித்து சாவனதுர்காவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கப் பார்த்தீர்கள்.

நீங்கள் பார்த்த படத்தின் இயக்குநர் டேவிட் லீன் திருமதி மூர் வேடத்துக்கு அழைத்தபோது, தனக்கு 75 வயது என்று அவர் தயங்கினாராம். எனக்கும் அதேதான் என்றாராம் லீன். படம் வந்த 1984லேயே பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’ தொடரும் வந்தது, 14 பகுதிகள். அதில் அவர் பார்பி பாட்ச்லர் என்ற ஓய்வுபெற்ற மிஷன் பள்ளி ஆசிரியை. இந்தியாவில் வெள்ளைக்கார ஆட்சி முடியப்போகும் காலம். பார்பி ஓயாமல் பேசுகிறவள். அவள் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பது அவளுக்கே தெரியும், ஆனாலும் நிறுத்த முடியாது. கடைசியில் பேச்சு முழுக்க அடங்கிப்போய் மருத்துவமனை ஜன்னலோரம் கிடக்கிறாள். ஒரே வருடத்தில் பேசித் தீராத கிழவி ஒருத்தி, பேச விரும்பாத கிழவி ஒருத்தி. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் பார்பியைத்தான் சொல்வேன். மூர் ஒரு புதிராகவே நிற்கிறார். பார்பி நம் வீட்டில் வந்து தங்கிவிட்டுப் போன சித்தி மாதிரி.

ஆஸ்கார் 1985 மார்ச்சில் வந்தது. துணை நடிகைக்கான பிரிவில் வென்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான், வயது 77. விழாவுக்கு அவர் போகவில்லை, ஆஞ்சலா லான்ஸ்பரி வாங்கிக்கொண்டார். வயதுக்குக் கொடுத்த மரியாதையா என்று கேட்டீர்கள். கொடுத்தவர்கள் மனதில் அதுவும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அதனால் அந்த நடிப்பு குறைந்துபோகாது. குகைக்குள் எதிரொலி அவரை முட்டி மூச்சுத்திணற வைத்த பிறகு வெளியே வந்து உட்காருகிறாரே, அந்த முகத்தை இன்னொரு முறை பாருங்கள். எதிரொலி நின்றுவிட்டது. அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு படத்தில் அவர் எடுக்கும் முடிவெல்லாம் அந்தக் கேட்டலிலிருந்து வருவது. அது நமக்குப் புரியாவிட்டால் அவர் ஏன் கிளம்பிப் போகிறார் என்பதும் புரியாது.

1991 ஜூனில் அவர் இறந்தார். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் கடைசியாக வாழ்ந்த நியூ பிளேஸ் வீடு இப்போது இல்லை, தோட்டம் மட்டும் இருக்கிறது. அங்கே 1969ல் தன் கையால் நட்ட மல்பெரி மரத்தைச் சுற்றி அவர் சாம்பலைத் தூவினார்கள்.

கடைசியாக, ரயில் ரசிகையான உங்களுக்கு இன்னொரு காட்சி. திருமதி மூர் இந்தியாவை விட்டுக் கிளம்பும் இரவு. ரயில் நகர்கிறது. பிளாட்பாரத்தில் பேராசிரியர் காட்போலே நின்று அவரைப் பார்த்துக் கைகூப்புகிறார். காட்போலேயாக நடித்தவர் அலெக் கின்னஸ். ஒரு வெள்ளைக்காரர் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு பிராமணராக வந்தது எனக்கு அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. படத்தின் பெரிய பிழை அது. ஆனாலும் அந்த ஒரு காட்சியில் எனக்குத் தொண்டை அடைக்கும். குவீன்ஸ் தியேட்டர் குழுவைப் பற்றிச் சொன்னேனே, 1938ல் அங்கே ‘வெனிஸ் வணிகன்’ போட்டபோது போர்ஷியா ஆஷ்கிராஃப்ட், லொரென்சோ கின்னஸ். 45 வருடம் கழித்து இரண்டு பேரும் ஒரு ரயில் நிலையத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், வசனம் எதுவும் இல்லாமல்.

அன்புடன்.