ஓய்வுக்குப் பின் நடை: கேளுங்கள், சொல்கிறேன்

தெரு நடை, பக்கத்துக் காட்டு நடை பற்றி எதுவும் கேட்கலாம். மாத்திரை, ஸ்கேன் எல்லாம் உங்கள் மருத்துவரிடம். காட்டுக்குள் போகிறவர்கள் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

தினமும் அதே பாதை. சலித்துவிட்டது. வேறு இடம் தேடட்டுமா?

வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். விடியலில் பறவைச் சத்தம் அதிகம். வண்ணத்துப்பூச்சிகளுக்கு உடம்பில் வெயில் ஏறினால்தான் பறக்க வரும், அதனால் அவற்றுக்குச் சற்றுத் தாமதமாகப் போக வேண்டும். ஒருநாள் பாதையை எதிர்த்திசையில் நடந்து பாருங்கள், இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் இருந்த பொந்தெல்லாம் கண்ணில் படும். ஒரு மரத்தை வரித்துக்கொண்டு வாராவாரம் அதனடியில் நில்லுங்கள். துளிர் எப்போது வந்தது, அதை எந்தப் புழு தின்றது, அந்தப் புழுவை யார் தின்றார்கள் என்று கதை ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் காது. மரங்கொத்தி படபடவென்று ஒரே வேகத்தில் தட்டினால் அது இரைக்காக அல்ல, ‘இது என் இடம்’ என்ற அறிவிப்பு. இரை தேடும்போது விட்டுவிட்டு, ஒழுங்கில்லாமல் தட்டும்.

பத்தாயிரம் அடி கட்டாயமா?

இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவிய எண் அது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைத்தான் சொல்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அந்த வேகம் போதும்.

சரிவில் இறங்கினால் முழங்கால் வலிக்கிறது.

அடியைச் சிறிதாக்குங்கள். கைத்தடியை வலிக்காத பக்கத்துக் கையில் பிடியுங்கள். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மட்டத்தில் இருக்க வேண்டும். வீக்கம் இருந்தால் மருத்துவர்.

பறவையை வெளியே வரவழைக்க போனில் அதன் குரலை ஒலிக்கவிடலாமா?

கூடாது. இன்னோர் ஆண் தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். வந்து பார்த்தால் யாரும் இல்லை.

ஒரு நிமிடம்தானே சார்?

உங்களுக்கு ஒரு நிமிடம். பின்னால் வருகிற பத்துப் பேருக்கும் அதே ஒரு நிமிடம்தான்.

அப்படிப் பார்த்தால் நாம் நடப்பதே தொந்தரவுதானே?

நல்ல கேள்வி. ஓரளவுக்குத் தொந்தரவுதான். ஆனால் தினமும் ஒரே பாதையில் வருகிற ஆளுக்குப் பல பறவைகள் பழகிவிடும். புதருக்குள் இறங்குகிறவருக்குப் பழகாது. பாதையை விட்டு இறங்காதீர்கள்.

பறவைக் குரலைக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்லும் மெர்லின் செயலியும் தப்பா?

கேட்டு அடையாளம் சொல்ல மட்டும் பயன்படுத்தினால் தப்பில்லை. அதிலிருக்கும் ஒலிப்பதிவுகளை வீட்டில் கேளுங்கள்.

எட்டாயிரம் அடி போதுமா?

மேலே பாருங்கள்.

பெண்களுக்கு எத்தனை அடி?

மேலே! அடிக்கணக்கு இத்தோடு போதும்.

உண்ணி கடித்துவிட்டால் எண்ணெய் தடவலாமா?

எண்ணெயும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பிறகு காய்ச்சலோ தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தனியாகப் போகலாமா?

போகலாம். வீட்டில் சொன்னீர்களா?

பறவைக் குரலைத் தூரத்திலிருந்து, மெல்லிய ஒலியில் வைத்தால்...?

கூடாது.

முன்பு கேட்ட சில பறவைகள் இப்போது கேட்பதில்லை. போய்விட்டனவா?

போயிருக்கலாம். ஆனால் வயதாகும்போது கீச்சென்ற உயர்சுருதி ஒலிகள்தான் காதில் முதலில் குறையும். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், கேட்கிறதா என்று விசாரியுங்கள். அவர்களுக்குக் கேட்டால், காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.